இரண்டு விரல் அகலம்

வெண்மதி ஈர வேட்டியை உருவப் போனபோது கட்டிலின் மறுபக்கத்திலிருந்து அம்மா கையை நீட்டித் தடுத்தாள். மாவுக்கட்டுப் போட்ட கை.

“விடு பாப்பா. முருகேசு வரட்டும்.”

“அண்ணன் ஓசூர்லருந்து வர பத்து மணி ஆவும். அது வரைக்கும் இவரு ஈரத்துலயே கெடக்கணுமா?”

“ஒண்ணும் ஆவாது. பொம்பளப் புள்ள நீ. வெளிய போ.”

வெண்மதிக்கு நாற்பத்தைந்து வயது. பாலக்கோட்டில் பெண்கள் பள்ளியில் வரலாறு எடுக்கிறாள். அப்பா மாதப்பன் விழுந்து நாலு மாதம் ஆகிறது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நாலு மாதமும் துடைத்தது, துணி மாற்றியது எல்லாம் அம்மா ஒருத்திதான். நர்ஸ் வந்தால்கூட பிரஷர் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். முந்தாநாள் குழாயடியில் வழுக்கி அம்மா மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதனால்தான் வெண்மதி லீவு போட்டு மாரண்டஹள்ளிக்கு வந்திருந்தாள்.

“தள்ளும்மா.”

உருவினாள். துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து துடைத்தாள். அப்பாவின் உடம்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒருக்களித்துத் திருப்பினாள். இடது தொடை ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தது.

அதை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஊரிலும் யாரும் பார்த்ததில்லை. ஆண்கள் எல்லோரும் பம்புசெட்டில் கோவணத்தோடு குளிக்கும்போது அப்பா மட்டும் வீட்டுக்குப் பின்னால் தட்டி மறைப்பில் குளிப்பார். பட்டாளத்துப் பழக்கம் என்றார்கள். எட்டு வயதில் தழும்பைக் காட்டச் சொல்லி வெண்மதி அடம் பிடித்தாள். அம்மா கன்னத்தில் அறைந்தாள்.

இடுப்புக்கு நாலு விரல் கீழே இருந்தது. சுண்டைக்காய் அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் தோல் சுருங்கி உள்ளே இழுத்திருந்தது.

வட்டம்.

அவள் கை நின்றது.

எழுபத்தியோராம் வருடச் சண்டையில், கிழக்கே ஒரு கால்வாய்க் கரையில், விடிகாலையில் நடந்தது என்று சொல்வார்கள். அப்பாவுக்குப் பக்கத்துக் குழியில் இருந்தவர் மாதையன், அம்மாவின் அண்ணன். இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். எதிரி கரையேறியதும் மாதையன் எழுந்து ஓடிவிட்டார். தனியாக நின்ற அப்பாவின் தொடையில் பயனெட், துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, இறங்கியது. குத்தியவன் அதைத் திருகி இழுத்தான். சாயங்காலம் வரை அப்பா அங்கேயே கிடந்தார்.

சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் கூப்பிடுவார்கள். அப்பா அதிகம் பேச மாட்டார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தூக்கிக் காட்டுவார்.

“கத்தி. இவ்ளோ அகலம்.”

பிள்ளைகள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கும். அதில் வெண்மதியும் இருந்தாள்.

கல்லூரியில் மற்றவர்கள் சோழர்களைப் படித்தபோது அவள் அந்தக் கத்தியைத் தேடினாள். சேலத்திலும் சென்னையிலும் நூலகங்களில் தேடினாள். தேடத் தேட அது பின்னால் போய்க்கொண்டே இருந்தது. முன்னூறு வருடத்துக்கு முன்பு அது வெறும் கத்தி. மரப்பிடியைத் துப்பாக்கியின் வாயில் செருகினார்கள். செருகிவிட்டால் சுட முடியாது. சுட வேண்டுமென்றால் பிடுங்க வேண்டும். செருகுகிற நேரத்துக்குள் ஒரு படையே அழிந்திருக்கிறது. அதன் பிறகு குழலைச் சுற்றி ஒரு வளையம் வந்தது. கத்தி ஒதுங்கி நின்றது, குண்டும் போனது. மூன்று பட்டை வைத்த அந்தப் பயனெட்டோடுதான் கும்பினிச் சிப்பாய்கள் ராயக்கோட்டை மலையில் ஏறினார்கள். அடுத்த நூற்றாண்டில் அது வாளாக நீண்டது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அந்த நீளத்தை வைத்துக்கொண்டு திரும்பக்கூட முடியவில்லை. அடுத்த போருக்குள் சுருங்கி ஆணியானது. எட்டு அங்குல இரும்பு. அதற்குப் பட்டையும் இல்லை, அழகும் இல்லை. செய்ய மலிவு. கடைசியில் மறுபடி கத்தி.

மூன்று பட்டை குத்தினால் தோலில் மூன்று கால் விழும். கத்தி குத்தினால் கோடு. ஆணி குத்தினால் குழி.

ஒவ்வொரு வருடமும் மைசூர்ப் போர்கள் பாடம் வரும்போது இதை அவள் கரும்பலகையில் வரைவாள். உங்க அப்பாவ எதுல மிஸ் குத்துனாங்க என்று யாராவது ஒருத்தி கேட்பாள். வெண்மதி கடைசிப் படத்தைக் காட்டுவாள்.

இப்போது துணியை மறுபடி வெந்நீரில் முக்கினாள். குழியைச் சுற்றித் துடைத்தாள். ஆணி எதிரியிடமும் இருந்திருக்கலாம். ஆனால் அப்பா சொன்னது ஆணி இல்லை. ஐம்பது வருடமாக இரண்டு விரல்.

அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா” என்றாள். “இது கத்தி இல்லையே.”

அவர் கண் கொஞ்ச நேரம் அவள் மேலேயே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

வெண்மதி உலர்ந்த வேட்டியைச் சுற்றிவிட்டு, பேசின் தண்ணீரைப் பின்னால் கொண்டுபோய் ஊற்றினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்தபோது அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் தாடையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“போயிட்டாரு” என்றாள்.

*

முருகேஷ் வந்தான். ஐஸ் பெட்டி வந்தது. வாசலில் சாமியானா போட்டார்கள். தக்காளிக் கிரேடுகளை ஒதுக்கி நாற்காலி பரப்பினார்கள். மதியத்துக்குள் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்காரர்கள் பிளக்ஸ் அடித்துக் கொண்டுவந்து கட்டினார்கள். சீருடையில் அப்பா. கீழே சிவப்பு எழுத்தில்: வீரத் தழும்பு பெற்ற மாவீரர்.

சங்கச் செயலாளர் பிரபாகர் அறுபது வயதைத் தாண்டியவர். மீசைக்கு மை பூசியிருந்தார். வெண்மதியை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

“டீச்சர், எடுக்கறதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிசம் இரங்கல் வெக்கிறோம். நீங்க பேசணும்.”

“நானா?”

“வேற யாரு? அப்பாவுக்குப் பட்ட அந்தக் குத்து பத்தி, பயனெட்டு பத்தி, நீங்க பேசுனா அதுல ஒரு இது இருக்கும். பத்திரிகையில எழுதுனீங்களே, அத எங்க சங்கத்துல பிரேம் போட்டு மாட்டியிருக்கோம்.”

“பாக்கலாங்க.”

“பாக்கறதெல்லாம் இல்ல. மைக் சொல்லியாச்சு.” குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. குளிப்பாட்டறப்ப நாங்க நாலு பேரு கூட நிக்கிறோம். அந்தத் தழும்புக்கு ஒரு சல்யூட் அடிக்கணும். நாங்க யாரும் பாத்ததில்ல.”

ஊரில் ஆண் பிணத்தை வாசலில் பெஞ்சு போட்டு, சுற்றிலும் வேட்டி பிடித்துக் குளிப்பாட்டுவது வழக்கம். பங்காளிகள் ஆளுக்கொரு சொம்பு ஊற்றுவார்கள். மூன்று மணிக்குப் பெஞ்சை எடுத்துப் போட்டார்கள். அதுவரை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“வெளிய வேணாம். உள்ளார ரூம்ல வெச்சு முருகேசு மட்டும் குளிப்பாட்டட்டும்.”

“அது எப்படி தீர்த்தம்மா?” என்றார் ஒரு பங்காளி. “நாங்கெல்லாம் தண்ணி ஊத்த வேணாமா?”

“முகத்துல ஊத்துங்க. தலையில ஊத்துங்க. துணிய அவுக்கக் கூடாது.”

“அம்மா, நாங்கெல்லாம் பட்டாளத்துக்காரங்க” என்றார் பிரபாகர். “எங்களுக்கென்ன மறைவு?”

“உசுரோட இருக்கறப்ப காட்டாதவரு. செத்தப்புறம் அவுத்துக் காட்டச் சொல்றீங்களா?”

“மானஸ்தன் பொண்டாட்டி, அப்படித்தான் பேசும்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். முருகேஷ் அப்பாவை உள்ளே தூக்கிப் போனான். அம்மா கதவைச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் நின்றாள். உடைந்த கையை மார்போடு அணைத்திருந்தாள். முகத்தில் அழுகை இல்லை. காவல் நிற்பவளின் முகம்.

வெண்மதி அந்த முகத்தைப் பார்த்தாள். காலையில் கட்டிலின் மறுபக்கத்தில் இருந்ததும் அதே முகம்தான். எட்டு வயதில் அறைந்தபோது இருந்ததும்.

*

மாதையன் அப்போதுதான் வந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இண்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பை. புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான்.

சாமியானாவுக்குள் பேச்சு நின்றது.

“யார்ரா அது?”

“ஓடுனவன்.”

“தைரியந்தான்.”

அவர் யாரையும் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் வெறும் விரிப்பு கிடந்தது. அதன் அருகில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் மோட்டார் ரூம் நிழலில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி யாரும் தரவில்லை.

வெண்மதி ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு அவர் இந்த வீட்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறார். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. கூடவே மகன் கலைமணி. கலைமணியும் வெண்மதியும் தர்மபுரியில் ஒரே கல்லூரி. நாலு வருடம் ஒரே பஸ். தன் அப்பா பெண் கேட்க வருகிறார் என்று அவன் முதல் நாளே சொல்லியிருந்தான். அன்று வெண்மதியின் அப்பா கொல்லைக்குப் போய்விட்டார். அம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது வெண்மதி. நிலைப்படியில் நின்றுகொண்டு சொன்னாள். “எங்கப்பாவ விட்டுட்டு ஓடுனவரு வூட்டுக்கு நான் வர மாட்டேன்.” மாதையன் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார். வெட்கம் என்று வெண்மதி அப்போது நினைத்தாள்.

அடுத்த வருடம் அவளைக் கிருஷ்ணகிரியில் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் திரும்பி வந்தாள்.

“மாமா.”

அவர் சொம்பை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

“நல்லா இருக்கியா பாப்பா?”

“அப்பாவோட தழும்பு வட்டமா இருக்குது.”

அவர் தண்ணீரைப் பார்த்தார். “அதெல்லாம் உனக்கெதுக்கு இப்ப?”

“ஆணி. பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியோடது.”

“புக்குல போட்டிருக்குதா?”

“போட்டிருக்குது.”

“நல்லாத்தான் போட்டிருக்கான்.” ஒரு வாய் குடித்தார். துண்டால் துடைத்துக்கொண்டார். உள்ளே முருகேஷ் தண்ணீர் ஊற்றும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

“எங்ககிட்ட அப்பவே புதுத் துப்பாக்கி வந்துருச்சு” என்றார். “கத்தி மாட்டறது. ஸ்டோர் காவலுக்கு மட்டும் பழசு குடுப்பாங்க. மறுநாள் விடியறப்ப முன்னால போவணும்னு ஆர்டர். சாயங்காலம் இவன் ஸ்டோர் காவல். சத்தம் கேட்டு ஓடுனேன். ஆணி தொடையில நிக்குது. இவன் ரெண்டு கையும் அதும் மேல இருக்குது.”

வெண்மதி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“மச்சான், வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லுன்னான். சொன்னேன். விசாரணையில கையெழுத்து போட்டேன். மறுநாள் நான் முன்னால போனேன்.”

“எத்தன நாளு?”

“பதினோரு நாளு.” சொம்பைக் கீழே வைத்தார். “திரும்பறப்ப எம்மேல ஒரு கீறல் இல்ல. அதான் தப்பாப் போச்சு.”

“ஓடிட்டீங்கன்னு எதுக்குச் சொன்னாரு?”

“ஆஸ்பத்திரியிலருந்து நேரா ஊருக்கு வந்துட்டான். மாலை போட்டு மேளத்தோட கூட்டிப் போனாங்களாம். அப்ப எவனோ கேட்டிருக்கான், உன் மச்சான் அந்நேரம் எங்கடா இருந்தான்னு. அவனுக்கு ஒரு பதில் வேணுமில்ல.”

“நீங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். உங்கம்மாகிட்ட.”

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

“கால்ல உழுந்துட்டா. இருவது வயசு அப்ப அவளுக்கு. வெளிய தெரிஞ்சா இவன ஜெயில்ல போட்டுருவாங்க. பொய்க் கையெழுத்து போட்டதுக்கு என்னையும் சேத்து. யாருகிட்டயும் சொல்றதில்லன்னு சத்தியம் வாங்குனா.”

“கலைமணிக்குத் தெரியுமா?”

“அவனுக்கும் நான் ஓடுனவன்தான் பாப்பா.”

வெண்மதி மோட்டார் ரூம் சுவரில் கை வைத்தாள். சுவர் வெயிலில் சூடாக இருந்தது.

“வரலையா அவரு?”

“இண்டூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டாந்து உட்டான். உள்ள வர மாட்டான். நீ சொன்னது இன்னும் அவனுக்குக் காதுல இருக்குது.”

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்பதைப் போலச் சொன்னார்.

*

அம்மா ராகி மூட்டை அடுக்கிய அறையில் இருந்தாள். பெண்கள் அவளுக்குத் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குப் பிறகு இல்லை என்பதால் நிறையப் பூ. வெண்மதி எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

“உனக்குத் தெரியும்.”

அம்மா எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

“தெரியும்.”

“மாமா பொண்ணு கேட்டு வந்தப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

“அவரைக்காய் நறுக்கிட்டு உக்காந்திருந்த.”

அம்மா கண்ணாடியைப் பார்த்துப் பூவைச் சரி செய்தாள். இடது கையால் அது சரியாக வரவில்லை.

“அவன் கண்ணு முன்னால என் அண்ணன் இந்த வூட்டுக்குள்ள வந்து போயிட்டிருந்தா உங்கப்பன் ஒரு வருசம் தாங்கியிருக்க மாட்டான். மருந்தக் குடிச்சிருப்பான். தெனம் அவம் மூஞ்சியப் பாத்தவ நான்.”

“அதுக்கு நானா?”

“நீதான வேணாம்னு சொன்ன?” அம்மா திரும்பினாள். “நான் வாயத் தொறந்தனா?”

வெளியே மைக் சோதித்தார்கள். ஒன், டூ, த்ரீ.

“நாலு வருசம் ஒரே பஸ்சுல போனோம்” என்றாள் வெண்மதி. “அதுவும் உனக்குத் தெரியும்.”

அம்மா பூவிலிருந்து கையை எடுத்தாள். பூ ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. வெண்மதி அதைத் தொடவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

*

அப்பாவைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். மேலே சங்கத்துக் கொடி. சடங்கு செய்கிற பெரியவர் அம்மாவைக் கால்மாட்டில் உட்கார வைத்தார்.

“பொறந்த வூட்டுக் கோடி யாருங்க?”

“முருகேசு வாங்கி வெச்சிருக்கான்” என்றாள் அம்மா.

“மகன் வாங்குனது கணக்கு வேறம்மா. பொறந்த வூடு வேணும். இல்லேன்னா எடுக்க முடியாது.”

கூட்டம் பின்னால் திரும்பியது. மாதையன் மஞ்சள் பையோடு வந்தார். வழி விட்டார்கள். விலகினார்கள் என்பதுதான் சரி. சேலையைப் பிரித்துத் தங்கையின் தோளில் போர்த்தினார். அம்மா தலையைத் தூக்கவில்லை. அவள் தலையில் கை வைத்தார். ஐம்பது வருடத்தில் அவர்கள் தொட்டுக்கொண்டது அந்த ஒரு நொடி. கையை எடுத்துக்கொண்டு தக்காளிக் கிரேடுகள் ஓரம் போய் நின்றார்.

பிரபாகர் மைக்கைத் தட்டினார்.

“இப்போது நமது மாவீரரின் அருமை மகள், வரலாற்று ஆசிரியை, தந்தையின் வீரத்தைப் பற்றி நம்மிடையே பேசுவார்கள்.”

வெண்மதி மைக்கை வாங்கினாள். முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவளிடம் படித்து, இப்போது கையில் குழந்தையோடு நின்றிருந்தவர்களும் இருந்தார்கள்.

“எங்கப்பா மாதப்பன்” என்றாள். “எழுபத்தேழு வயசு. பட்டாளத்துல பதினேழு வருசம். அதுக்கப்புறம் தக்காளி, ராகி. எங்க ரெண்டு பேரையும் படிக்க வெச்சாரு.”

நிறுத்தினாள்.

“அந்தக் குத்து, டீச்சர்” என்றார் பிரபாகர் மெதுவாக. மைக்கில் அதுவும் கேட்டது.

அவள் கிரேடுகள் பக்கம் பார்த்தாள். மாதையன் தலையைக் குறுக்காக அசைத்தார். மிகக் கொஞ்சமாக.

“எழுபத்தியோராம் வருசச் சண்டையில முன்னால போனவரு எங்க மாமா” என்றாள். “மாதையன். பதினோரு நாளு இருந்தாரு. அவரு ஓடல.”

மேளக்காரர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். ஒரு குழந்தை மட்டும் எதையோ கேட்டு அழுதது. முருகேஷ் அவளை வாய் பிளந்து பார்த்தான். அம்மா கோடிச் சேலையின் ஓரத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

பிரபாகர் மைக்கை அவள் விரல்களிலிருந்து மெல்லப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

“டீச்சர் துக்கத்துல இருக்காங்க” என்றார். “பெத்த தகப்பன். தாங்க முடியல. இந்த நேரத்துலயும் ஓடிப் போனவரைக்கூட மன்னிக்கிற மனசு இருக்கு பாருங்க, அதுதான் மாவீரரின் வளர்ப்பு.”

கூட்டம் மூச்சு விட்டது. சிலர் தலையாட்டினார்கள். ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“விடிகாலை நேரம்” என்று பிரபாகர் தொடர்ந்தார். “கால்வாய்க் கரை. பக்கத்துல ஆள் இல்ல. நம்ம மாவீரர் தனியா நிக்கிறார். பயனெட் இறங்குது.” ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தூக்கினார். “இவ்வளவு அகலம்.”

முன்வரிசையில் ஒரு சிறுமி தன் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பார்த்தாள்.

மாதையன் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

*

பாடை தெருமுனை தாண்டியது. பெண்கள் அங்கேயே நின்று திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்கள். வீடு கழுவ வேண்டும். வெண்மதியை யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் போகவில்லை.

மாதையனும் நின்றுவிட்டார்.

“சுடுகாட்டுக்குப் போகலையா மாமா?”

“இது போதும்.”

“நான் பேசுனது…”

“பேசியிருக்க வேணாம் பாப்பா.” அவர் குரல் கடுமையாக இல்லை. “அம்பது வருசம் ஒரே ஒரு காரியந்தான் ஒழுங்காப் பண்ணிட்டிருந்தேன்.”

மேளம் வளைவுக்கு அந்தப் பக்கம் போனது. ஊர்வலத்தால் நின்றுபோன ஒரு மினி லாரி அவர்களுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளி. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வெளியூர்க்காரர்.

“யாருங்க?”

மாதையன்தான் சொன்னார்.

“என் மச்சான்.”

“கொடி போத்தியிருக்காங்களே. பட்டாளத்துல இருந்தவருங்களா?”

“ஆமா” என்றார் மாதையன். கொஞ்சம் பொறுத்து, “நானுந்தான்” என்றார்.

டிரைவர் தலையசைத்தார். மூவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லாரியின் அடிக் கிரேடுகளில் நசுங்கிய பழங்களின் சாறு பலகை இடுக்கு வழியாகச் சொட்டி, தார்மேல் ஊர்வலம் இறைத்துப் போன பொரியை நனைத்தது.